"ரிட்டர்ன் டிக்கெட் எங்கே?": நீண்ட நாள் தங்கப் போகிறவரைச் செக்-இன் கவுன்டரில் நிறுத்தினால் எதைப் பார்ப்பது

சென்னையிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் நள்ளிரவுக்குப் பிறகு புறப்படுபவை ஏராளம். மகளின் பேறுகாலத்துக்காக ஆறு மாதம் தங்கப் போகிற அம்மா சாயங்காலமே பெட்டியை இரண்டு தடவை எடை போட்டிருப்பார். பருப்புப் பொடி, பிரசவ லேகியம், பிள்ளைக்குப் பருத்தித் துணி என்று 23 கிலோவுக்குள் எப்படியோ அடக்கியிருப்பார். கவுன்டரில் இருக்கும் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டுவார், திரையைப் பார்ப்பார், மறுபடி புரட்டுவார். "அம்மா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்பார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் மகனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் குடும்பத்திலும் தெருவிலும் பல பெரியவர்களை இப்படி அனுப்பி வைத்திருக்கிறேன். அதில் கற்ற ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவுன்டரில் இருப்பவர் உங்களை அந்த நாட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதில்லை. அவர் ஒரு திரையில் உள்ள விதிகளைப் படிக்கிறார். அதன் பெயர் டைமாட்டிக். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்தும் தரவுத்தளம் அது. எந்த நாட்டு பாஸ்போர்ட், எங்கே போகிறார், வழியில் எங்கே இறங்குகிறார், எத்தனை நாள் என்று கொடுத்தால் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று வரிவரியாகக் காட்டும். அதில் ஒரு வரிக்குப் பதில் கிடைக்காததால்தான் உங்களை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள்.

அவர்களுக்கு இது விளையாட்டான காரியம் இல்லை. ஆவணம் சரியில்லாதவரை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும், அபராதமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு உத்தரவு, ஒரு பயணிக்குக் குறைந்தபட்ச அபராதம் 3,000 யூரோவாகவோ உச்ச அபராதம் 5,000 யூரோவுக்குக் குறையாமலோ இருக்க வேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்குச் சொல்கிறது. ஆகவே கெஞ்சுவதாலும் சத்தம் போடுவதாலும் அந்த வரி மாறாது. "எந்த விதியில நிக்குது, அந்த வரியைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள், அல்லது படித்துச் சொல்வார்கள். கிளம்பும் முன் வீட்டில் இருந்தபடியே ஐயாட்டாவின் பயண மையப் பக்கத்தில் நீங்களும் விதியைப் பார்த்து, அச்சிட்டுப் பையில் வைக்கலாம்.

இனிக் கவுன்டரில் காதில் விழும் பேச்சை வைத்தே பார்ப்போம்.

"வெப் செக்-இன் ஆகல, கவுன்டருக்கு வரச் சொல்லுது"

இதில் பயப்பட ஒன்றுமில்லை. விசா தேவைப்படும் பயணத்தில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே போர்டிங் பாஸ் வரும்படி பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. செய்ய வேண்டியது, கவுன்டர் திறக்கும்போதே வரிசையில் நிற்பது. பிரச்சினை ஏதும் இருந்தால் அதைத் தீர்க்க இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். கடைசியில் வந்தவருக்கு அந்த நேரம் கிடைக்காது.

"ரிட்டர்ன் டிக்கெட் காட்டுங்க"

நீண்ட நாள் தங்கப் போகிறவர்கள் அதிகமாக மாட்டுவது இங்கேதான். ஒரே கேள்வியாக இருந்தாலும் பின்னால் நான்கைந்து காரணங்கள் இருக்கலாம்.

முதலில், டிக்கெட் உண்மையிலேயே இல்லையா, அவர்கள் கண்ணில் படவில்லையா என்று பாருங்கள். போகிற டிக்கெட்டை ஒரு நிறுவனத்திலும் திரும்புகிற டிக்கெட்டை வேறொன்றிலும் வாங்கியிருந்தால், இவர்கள் திரையில் ஒருவழிப் பயணமாகத்தான் தெரியும். திரும்பும் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணும், பெயரும் தேதியும் உள்ள பக்கத்தின் அச்சுப் பிரதியும் நீட்டினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். போனில் இருக்கிறது என்று நம்பிப் பெரியவர்களை அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் போன் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது மின்னஞ்சல் எங்கே என்று தேடத் தெரியாது.

அடுத்து, எந்த வகை அனுமதியில் போகிறார் என்று பாருங்கள். விசா இல்லாமலோ, போய் இறங்கியதும் விசா வாங்கிக்கொண்டோ நுழைகிற நாடுகளில் இந்தக் கேள்வி கண்டிப்பானது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. கோலாலம்பூரில் தங்கை வீட்டில் 45 நாள் இருந்துவிட்டு வரலாம் என்று 45ஆவது நாளுக்கு டிக்கெட் போட்டிருந்தால், திரும்பும் டிக்கெட் கையில் இருந்தும் நிறுத்துவார்கள். டிக்கெட்டே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். இந்தோனேசியாவில் இறங்கியதும் வாங்கும் விசா 30 நாள். அங்கே போய் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். ஆனால் நீட்டிப்பு இனிமேல் நடக்கப்போகிற காரியம். கவுன்டரில் இருப்பவர் இன்று கையில் உள்ள அனுமதியைத்தான் எண்ணுவார். நீட்டிக்கும் எண்ணம் இருந்தால் முதல் டிக்கெட்டை 30 நாளுக்குள் போட்டு, பிறகு தேதி மாற்றும் வசதியுள்ளதாக வாங்குங்கள்.

முன்கூட்டியே விசா எடுத்துப் போகிறவர்களின் நிலைமை வேறு. அமெரிக்காவில், விசா விலக்குத் திட்டத்தில் வரும் நாட்டினருக்குத் திரும்பும் டிக்கெட் விதிப்படி கட்டாயம். இந்திய பாஸ்போர்ட்டில் பி1/பி2 எனும் விசிட்டர் விசாவுடன் போகிற அம்மாவுக்கு அந்த விதி பொருந்தாது. அதனால் அமெரிக்கப் பயணத்தில் ஒருவழி டிக்கெட் என்பதற்காகவே நிறுத்தினால், "விசா ஹோல்டருக்கு இது கட்டாயமா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கலாம். ஆனாலும் என் அபிப்பிராயம், பெற்றோரை ஒருவழி டிக்கெட்டில் அனுப்ப வேண்டாம் என்பதுதான். அங்கே இறங்கியதும் அதிகாரி கேட்கிற முதல் கேள்வியே "எப்போது திரும்புகிறீர்கள்?" என்பதுதான். தேதி போட்ட ஒரு காகிதம், பதற்றத்தில் வார்த்தை தடுமாறும் பெரியவருக்குப் பெரிய துணை.

பதினொரு மாதத்துக்கு மேல் தங்குபவர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. விமான நிறுவனங்கள் ஏறக்குறைய 330 முதல் 360 நாள் முன்பு வரைக்கும்தான் டிக்கெட் விற்கின்றன. கனடாவுக்கு, அங்கே இருப்பவர்களின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் தரப்படும் சூப்பர் விசாவில் போகிறவர் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப நினைத்தாலும் அந்தத் தேதிக்கு டிக்கெட்டே கிடைக்காது. கிடைக்கிற கடைசித் தேதிக்கு மாற்றத்தக்க டிக்கெட் எடுங்கள். சூப்பர் விசாவில் 2022 ஜூலை 4 முதல் ஒரே வருகையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். விசா அனுமதிக் கடிதத்தையும், குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கும் ஒரு வருடத்துக்கும் எடுத்த மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் காட்டினால், "ஆறு மாசம்தானே?" என்று கேட்பவருக்கு அதுவே பதில்.

"டம்மி டிக்கெட்" பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஐந்நூறு ரூபாய்க்கு பி.என்.ஆர். போட்டுத் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. சில, இரண்டு நாளில் தானாக ரத்தாகிவிடும் முன்பதிவுகள். சில, வெறும் படங்கள். கவுன்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். குடியேற்ற அதிகாரியிடம் பொய்யான ஆவணம் காட்டினார் என்று பதிவாகிவிட்டால், அடுத்த விசா விண்ணப்பம்வரை அந்தக் கறை தொடரும். அறுபத்தெட்டு வயதில் பேரப் பிள்ளையைப் பார்க்கப் போகும் ஒருவரை இந்த ஆபத்தில் தள்ளாதீர்கள். பணம் முழுதாகத் திரும்பும் டிக்கெட் விலை அதிகமானாலும் நேர்மையான வழி. அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து கிளம்பும் விமானங்களில், பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ முன்பாக நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யவோ விலையைப் பிடித்து வைக்கவோ வழி தர வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி இருக்கிறது.

"விசா இருக்கு, ஆனா நாள் கணக்கு இடிக்குது"

பத்து வருட விசா என்றால் பத்து வருடமும் வந்து போகலாம் என்று பொருள். பத்து வருடம் தங்கலாம் என்று பொருள் அல்ல. பிரிட்டனின் பத்து வருட விசிட்டர் விசாவிலும் ஒரு வருகைக்கு ஆறு மாதம்தான். அமெரிக்காவில் பி2 விசாவில் வழக்கமாக ஆறு மாதம் கொடுப்பார்கள். ஆனால் அந்தத் தேதியைத் தீர்மானிப்பது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஒட்டு (ஸ்டிக்கர்) அல்ல, ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவு. அம்மா போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் பக்கத்தில் அந்த ஐ-94ஐ எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்தை 180 நாள் என்றோ 183 நாள் என்றோ நீங்களே எண்ணிக்கொள்ளாமல் அதில் உள்ள தேதியை நம்புங்கள். இன்னும் தங்க வேண்டியிருந்தால், அந்தத் தேதி முடியும் முன்பே ஐ-539 விண்ணப்பம் போக வேண்டும்.

அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட தேதியை ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா சட்டப்படி செல்லாததாகிவிடும். பாஸ்போர்ட்டில் ஒட்டு அப்படியே பளபளவென்று இருக்கும். இரண்டு வருடம் கழித்து மறுபடி கிளம்பும்போது கவுன்டரில் "ஏற்ற வேண்டாம்" என்று பதில் வரலாம். அப்போது விமான நிறுவனத்தின் மீது கோபப்பட்டுப் பயனில்லை. புது விசாவுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் தனிக் கணக்கு. எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் அதற்குள் 90 நாள்தான். இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். பலர் "மூணு மாசம் இருந்தாச்சு, மூணு மாசம் ஊர்ல இருந்தாச்சு, மறுபடி போகலாம்" என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அது சில நாள் வித்தியாசத்தில் ஏமாற்றிவிடும். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அம்மா மார்ச் 1 அன்று இறங்கி மே 29 அன்று கிளம்புகிறார். மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, மேயில் 29, ஆக 90 நாள் தீர்ந்தது. பலமுறை நுழையும் விசா கையில் இருந்தாலும் ஆகஸ்ட் 20 அன்று அவர் இறங்க முடியாது; அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினால் அந்த 90 நாளும் உள்ளேயே இருக்கின்றன. மார்ச் 1 என்ற முதல் நாள் கணக்கிலிருந்து கழன்று விழுவது ஆகஸ்ட் 28 அன்றுதான். அன்று முதல் தினமும் ஒரு பழைய நாள் கழியும், ஒரு புது நாள் கிடைக்கும். அப்படியே தொடர்ந்து 90 நாள் இருக்கலாம். பாஸ்போர்ட் முத்திரை மங்கலாக இருந்தால் யாரும் எண்ணமாட்டார்கள் என்ற காலம் போய்விட்டது. 2025 அக்டோபர் 12 முதல் நுழைவையும் வெளியேறலையும் கணினியில் பதியும் முறை ஷெங்கனில் தொடங்கிவிட்டது. ஒட்டில் "தங்கும் நாள்" என்று 90க்குக் குறைவாக, 30 என்றோ 45 என்றோ போட்டிருந்தால் அதுதான் செல்லும்.

ஆஸ்திரேலியாவில் விசா அனுமதிக் கடிதத்தைப் படியுங்கள். 600 வகை விசிட்டர் விசாவில் ஒரு வருகைக்கு மூன்றா, ஆறா, பன்னிரண்டு மாதமா என்று அதில் இருக்கும். கீழே நிபந்தனை எண்களும் இருக்கும். 8503 என்றிருந்தால் அங்கே இருந்தபடி வேறு விசாவுக்கு மாற முடியாது, நீட்டிக்கவும் முடியாது. 8558 என்றிருந்தால் எந்த 18 மாதத்திலும் 12 மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது. இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் ரிட்டர்ன் தேதி போடும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

"சிஸ்டத்துல உங்க விசா காட்டலை"

ஒட்டே இல்லாத விசா வந்த பிறகு வந்த பிரச்சினை இது. ஆஸ்திரேலியாவின் விசா பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் கட்டப்பட்டிருக்கிறது. அப்பா விசா வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், கவுன்டரில் புது எண்ணைத் தட்டும்போது எதுவும் வராது. விசா ரத்தாகவில்லை, பழைய எண்ணோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது. இமிஅக்கவுன்ட் என்ற அவர்களுடைய கணக்கில் புது பாஸ்போர்ட் விவரத்தைச் சேர்த்துவிட்டு, வேவோ என்ற சேவையில் விசா தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பிரிட்டனின் மின்விசாவுக்கும் இதே வழி. புது பாஸ்போர்ட் வந்ததும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். இதைக் கவுன்டரில் நின்றுகொண்டு செய்ய முடியாது, உடனே ஏறும் என்று உறுதியும் இல்லை. இரண்டு வாரம் முன்பே செய்யுங்கள்.

அமெரிக்க விசா போல ஒட்டு உள்ள விசாக்களில் கதை வேறு. பழைய பாஸ்போர்ட்டில் உள்ள விசா, அது கிழியாமல் சிதையாமல் இருந்தால், புது பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டச் செல்லும். இரண்டையும் ஒரு ரப்பர் பேண்டில் கட்டிக் கைப்பையில் வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டைச் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெல்ட்டில் போன பெட்டியைத் திரும்ப வரவழைத்த குடும்பம் ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் திரை மறுத்தால், கவுன்டர் ஊழியரால் மட்டும் அதைத் தீர்க்க முடியாது. டியூட்டி மேனேஜரைக் கேளுங்கள். "சேருமிட நாட்டோட எல்லை அதிகாரிகளைக் கேட்டுச் சொல்ல முடியுமா?" என்பதுதான் சரியான வேண்டுகோள். இதற்கென்றே அமெரிக்காவும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் விமான நிறுவனங்கள் மட்டும் அழைக்கும் தொடர்பு மையங்களை வைத்திருக்கின்றன. நீங்கள் நேரடியாகப் பேச முடியாது. அவர்கள் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு நேரம் வேண்டும் என்பதற்காகவும்தான் சீக்கிரம் வரச் சொன்னேன்.

"பேரு ஒத்து வரலையே"

நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பெயர் ஒன்றுதான். முன்னால் அப்பாவின் முதலெழுத்து, அவ்வளவே. குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. இதில் குறையொன்றும் இல்லை. குடும்பப் பெயர் எல்லோருக்கும் உண்டு என்று நினைத்து எழுதப்பட்ட கணினிப் படிவங்கள்தான் நம்மைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் இரவு ஒரு மணிக்கு அந்த நியாயத்தைக் கவுன்டரில் பேசி வெல்ல முடியாது. ஆகவே முன்பே தயாராக வேண்டியிருக்கிறது.

வழக்கமாக நடப்பது இது: முத்துலட்சுமி அம்மாளின் பாஸ்போர்ட்டில் "கிவன் நேம்" இடத்தில் முத்துலட்சுமி; "சர்நேம்" காலி. அமெரிக்க விசாவில் அது தலைகீழாகும். முத்துலட்சுமி சர்நேம் இடத்துக்குப் போய்விடும், கிவன் நேம் இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து வரும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி. டிக்கெட் போட்ட மகனோ படிவம் காலியாக விடாததால் அப்பா பெயரைச் சேர்த்திருப்பான். மூன்று ஆவணம், மூன்று பெயர்.

டிக்கெட் போடும் முன்பே அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கேளுங்கள், ஒற்றைப் பெயருக்கு அவர்கள் முறை என்னவென்று. சிலர் ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் எஃப்.என்.யு. போடச் சொல்வார்கள். எதைச் சொன்னாலும் பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரைச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே தப்பாகப் போட்டிருந்தால் பயண நாளுக்கு முன்பே திருத்தக் கேளுங்கள். பாஸ்போர்ட் பக்கத்தை அனுப்பினால் டிக்கெட்டிலேயே ஒரு குறிப்புச் சேர்த்துத் தருவார்கள். அந்தக் குறிப்பு கவுன்டரில் திரையில் தெரியும். வெவ்வேறு நிறுவனத்தில் இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகம் இதில் தனி விதி வைத்திருக்கிறது. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வருவதை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தியது. நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் அச்சாகியிருந்தால் அதைத் திறந்து காட்டுங்கள். துபாயில் மகனோடு அடிக்கடி போய் இருக்கப் போகிறவர் என்றால், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது தந்தை பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமாகச் சேர்த்துவிடுவதே நிம்மதி. அதற்கு முன், கையில் உள்ள மற்ற விசாக்கள் பழைய பெயரில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

"நடுவுல இறங்குற ஊருக்கு விசா இல்லையே"

2019இல் என் பெரியம்மாவை மெல்போர்னில் உள்ள மகளிடம் அனுப்பினோம். மலிவாகக் கிடைத்தது என்று சென்னை-கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்-மெல்போர்ன் வேறொரு டிக்கெட். ஆஸ்திரேலிய விசா பக்காவாக இருந்தது. கவுன்டரில் மலேசிய விசா கேட்டார்கள். "நாங்க அங்க தங்கலையே, மாறத்தானே போறோம்" என்று நான் வாதாடினேன். அந்த ஊழியர் பொறுமையாகச் சொன்னார்: இரண்டு டிக்கெட் என்றால் பெட்டி கோலாலம்பூரில் வெளியே வந்துவிடும், அதை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அதற்கு அந்நாட்டுக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும், தாண்ட விசா வேண்டும். அவர் சொன்னது சரி. அன்றிரவு பெரியம்மா வீடு திரும்பினார். காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு நாள் கழித்து ஒரே டிக்கெட்டில் சிங்கப்பூர் வழியாகப் போனார்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி, பெரியவர்களுக்கு எப்போதும் ஒரே டிக்கெட், பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போக வேண்டும் என்பது. இன்று மலேசியாவுக்கு இந்தியருக்கு விசா வேண்டாம் என்றாலும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஒரே டிக்கெட்டிலும் சில ஊர்களில் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும்; டொராண்டோ போகிறவர் நியூயார்க் வழியாகப் போனால் கனடா விசா மட்டும் போதாது. லண்டனில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேட்பார்கள். ஆனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. சிங்கப்பூரில் வெளியே வந்து உறவினரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றால், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற சில நாட்டு விசாவோடு மூன்றாம் நாட்டுக்குப் போய் வருபவர்களுக்கு 96 மணி நேரம் விசா இல்லாமல் இருக்கும் வசதி இருக்கிறது, தொடர்ந்து போகும் டிக்கெட் உறுதியாக இருந்தால்.

"பாஸ்போர்ட்ல ஆறு மாசம் இல்லை"

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆறு மாதம் கேட்கும். ஷெங்கன், கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமும், பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் கேட்கும். நீண்ட நாள் தங்குபவர் திரும்பும் தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஒன்றரை வருடத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துவிட்டே கிளம்புங்கள். தட்கல் இருக்கிறது.

கவுன்டர் தாண்டியாச்சு, இமிகிரேஷனில் நிறுத்துகிறார்கள்

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை இருக்கலாம். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, அமீரகம், சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். மகன் வீட்டுக்குப் போகிற அம்மாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் கேள்வி கேட்பார்கள், குறிப்பாக விசிட் விசாவில் போகும் இளைஞர்களை. அந்தக் கேள்விகள்மேல் எனக்குக் கோபமில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு மியான்மரின் மியாவாடியில் சிக்கவைக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் 2022இல் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொல்லும் ஏஜென்ட்டை நம்பிக் கிளம்பியவருக்கு, இந்த மேசை கடைசித் தடுப்பு.

உண்மையிலேயே உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் ரிட்டர்ன் டிக்கெட், அங்கே உள்ளவரின் கடிதமும் குடியிருப்பு அட்டை நகலும், உறவைக் காட்டும் ஏதாவது ஓர் ஆவணம் வைத்திருந்தால் போதும்.

"அரைவல் கார்டு போட்டீங்களா?"

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றுக்கும் இப்போது கணினியில் நிரப்பும் வருகை அட்டை உண்டு. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். பணம் கேட்டால் நீங்கள் அரசுப் பக்கத்தில் இல்லை, வெளியே வந்துவிடுங்கள். மறந்திருந்தால் கவுன்டர் ஓரத்தில் நின்று போனிலேயே பத்து நிமிடத்தில் முடிக்கலாம்.

இந்தியாவுக்கு வரும் வழியில் நிறுத்தினால்

டொராண்டோவிலோ லண்டனிலோ வெளிநாட்டு பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருப்பவரை, அட்டையில் பழைய பாஸ்போர்ட் எண் இருக்கிறது என்று நிறுத்துவதுண்டு. 2021 முதல் பழைய பாஸ்போர்ட்டைக் கூடவே கொண்டுவர வேண்டியதில்லை. புது பாஸ்போர்ட்டும் அட்டையும் போதும். விதி அப்படியிருந்தும், பழைய பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். ஐந்து நிமிட வாதம் மிச்சமாகும்.

கவுன்டர் மூட இன்னும் அரை மணிதான், ஒன்றும் நடக்கவில்லை

இந்த நேரத்தில் விமானத்தைப் பிடிப்பதைவிட டிக்கெட்டைக் காப்பாற்றுவது முக்கியம். சர்வதேச விமானங்களுக்குக் கவுன்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அதற்கு முன் "இந்த டிக்கெட்டை நோ-ஷோ போடாம தேதி மாத்திக் குடுங்க" என்று கேளுங்கள், அல்லது வெளியே இருக்கும் மகன் நிறுவனத்தை அழைத்து மாற்றட்டும். வராதவர் என்று பதிவாகிவிட்டால் ஒரே முன்பதிவில் உள்ள திரும்பும் பயணமும் தானாக ரத்தாகும் வழக்கம் இருக்கிறது. அதை மறுநாள் தெரிந்துகொண்டு புது டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு. ஆவணத்துக்காக நிறுத்தினால் நஷ்ட ஈடு கிடைக்காது.

பெட்டி ஏற்கெனவே பெல்ட்டில் போயிருந்தால் இறக்கித் தரச் சொல்லி, எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த விதியில் நிறுத்தினார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நீங்களே குறித்துக்கொண்டு, நேரத்தையும் கவுன்டர் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். மறுநாள் எந்தக் காகிதத்தைத் தேடுவது என்பதற்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம். பிறகு அம்மாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, மகளிடம் போனில் பேசவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.